மஞ்சள் விளக்கோடு குடித்தனம்: ஒரு கையேடு

இந்தக் கையேடு எல்லாருக்கும் அல்ல. உங்களிடம் ஒரு பழைய டீசல் போர்வீல் இருக்க வேண்டும். (பினாங்கில் பிக்அப் வண்டிக்கு அதுதான் பெயர். நாலு சக்கரமும் இழுக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை.) வண்டிக்கு வயது பதினைந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். புகை போகும் பாதையில் யாராவது கைவைத்திருக்க வேண்டும். கைவைத்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ மீட்டர் பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியிருக்க வேண்டும். யாரும் கைவைக்காமலே விளக்கு எரிகிறது என்றால் நேராக ஒரு நல்ல போமேனிடம் போய்விடுங்கள். உங்களுக்கு இங்கே கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

வெளியூர்த் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே மெக்கானிக்கை மெக்கானிக் என்று யாரும் அழைப்பதில்லை. பட்டறையில் கை கறுத்த எல்லாரும் போமேன்தான், முதலாளியான தௌக்கே உட்பட.

என் தகுதியையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி மூன்றுக்கும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறேன். அந்த விளக்கோடு மூன்று ஆண்டு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அணைக்க நான் பார்க்காத வழி இல்லை.

முதல் படி: விளக்கை அடையாளம் காணுங்கள்

பக்கவாட்டில் பார்த்த இஞ்சின் படம் என்று வண்டிக் கம்பெனி சொல்கிறது. என் மாமியார் அதைத் தண்ணீர்ப் பம்ப் என்றார். மகன் சின்ன வயதில் ஹெலிகாப்டர் என்பான். எதுவாக இருந்தாலும் நிறம்தான் முக்கியம். சிவப்பு எரிந்தால் வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் அழுத்தமோ சூடோ எல்லை தாண்டியிருக்கும், அதில் விளையாட்டு கிடையாது. மஞ்சள் அப்படியல்ல. மஞ்சள் விளக்கு ஒன்றுவிட்ட அத்தை மாதிரி. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, குறையைச் சொல்லாமல், முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்திருக்கும்.

இரண்டாம் படி: விளக்கு எரிய ஒரு காரணம் செய்து கொடுங்கள்

என் காரணம் ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் கிடைத்தது. பட்டறைப் பெயர் வேண்டாம். அவர் நல்லவர், தப்பு என்னுடையது. வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று கொண்டுபோனேன். இஞ்சின் மேலிருந்து ஒரு உருண்டை உறுப்பைக் கழற்றி என் மூக்குக்கு நேராக நீட்டினார். உள்ளே கறுப்புக் களி. கேழ்வரகுக் களி கிண்டிய அகப்பையைக் கழுவாமல் ஒரு வாரம் போட்டு வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. விரலை விட்டுப் பார்த்தேன். நகக்கண்ணில் அது மூன்று நாள் இருந்தது.

"இ.ஜி.ஆர். அண்ணே," என்றார். எங்களுக்குள் பேச்சு மலாயும் ஹொக்கியனும் அரைத் தமிழும் கலந்த பட்டறை மொழி. "சூச்சி பண்ணணும்னா 250 வெள்ளி, ஒரு நாள் வண்டி நிக்கும். தூத்தோப் பண்ணணும்னா 80 வெள்ளி, அரை மணி நேரம்."

சூச்சி என்றால் கழுவுவது, தூத்தோப் என்றால் மூடுவது. இந்த இடத்தில் கணக்குப் போடுகிறவர்கள் கையேட்டை மடித்து வைத்துவிடலாம்.

மூடப்போகிற உறுப்பு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பிறகு மறந்துவிடுவது இன்னும் நல்லது. இஞ்சின் வெளியே விட்ட மூச்சில் ஒரு பங்கை மறுபடி உள்ளே அனுப்பும் வால்வு அது. கேட்க அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பழைய மூச்சில் ஆக்சிஜன் குறைவு. அது கலந்தால் சிலிண்டருக்குள் எரியும் சூடு தணியும். சூடு தணிந்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உண்டாகும். நகரத்தில் வெயில் பட்டதும் ஓசோனாக மாறி நெஞ்சைப் பிசைகிற சங்கதிக்கு அதுதான் மூலப்பொருள். வால்வின் வேலை அவ்வளவுதான். சம்பளமாக அதற்குக் கிடைப்பது புகைக்கரியும் இஞ்சின் எண்ணெய் ஆவியும் சேர்ந்த அந்தக் களி.

போமேன் இரண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை கேஸ்கெட் வடிவத்துக்கு வெட்டி, பாதையில் செருகி, நட்டை முடுக்கினார். சரியாக அரை மணி நேரம். முடுக்கிக்கொண்டிருக்கும்போதே பட்டறையில் தேத்தண்ணி குடிக்க வந்த மூன்று பேர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன மூன்று நியாயங்களையும் நீங்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் கேட்பார்கள்.

'பவர் ஏறும்.' மிதியை முழுக்க அமுக்கும்போது அந்த வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும். இஞ்சின் கணினியே மூடிவிடும். ஆகவே ஏற்றத்தில் ஒன்றும் ஏறாது. ஏறியது போல எனக்கு இரண்டு வாரம் இருந்தது உண்மை. புதுச் செருப்புப் போட்டால் நடை வேகமாகிற மாதிரி.

'எண்ணெய் மிச்சமாகும்.' இதற்கு 2024-க்குப் பிறகு மவுசு கூடிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனது. அன்றிலிருந்து தகடு போட்டவன் எல்லாரும் பொருளாதார நிபுணன்.

'நம்ம டீசல் அழுக்கு, இந்த நாட்டுக்கு அதெல்லாம் ஒத்துவராது.' இதில் மட்டும் ஒரு காலத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. முன்பு இங்கே விற்ற டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 500 பங்கு வரை இருக்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க யூரோ 5 டீசல்தான். கந்தகம் 10 பங்குக்கு மேல் கூடாது. எண்ணெய் திருந்திவிட்டது. சாக்கு மட்டும் பழையபடியே நிற்கிறது.

மூன்றாம் படி: பாலத்தின் நடுவில் ஆச்சரியப்படுங்கள்

பட்டறையிலிருந்து வீடு வரும்வரை விளக்கு எரியாது. அதனால்தான் போமேன் மேல் நமக்கு அவ்வளவு மரியாதை. இஞ்சின் கணினி அவசரக்காரன் இல்லை. வால்வைத் திறக்கச் சொல்லிக் கட்டளை போடும்; திறந்தால் உள்ளே வரும் புதுக்காற்று குறைய வேண்டும்; காற்றை அளக்கும் சென்சார் 'குறையவில்லை' என்று சொல்லும். முதல் ஓட்டத்தில் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும், வாயைத் திறக்காது. இரண்டாம் ஓட்டத்திலும் அதே கதை என்றால்தான் விளக்கைப் போடும். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு அந்த நிதானம் வராது.

எனக்கு இரண்டாம் ஓட்டம் பிறையிலிருந்து தீவுக்கு வரும்போது அமைந்தது. டோல் கட்டியாகிவிட்டது, பின்னால் 120 நாற்காலி, 13.5 கிலோமீட்டர் பாலத்தில் பாதி தூரம். முன்னால் கொம்தார் கோபுரம் தெரிகிறது, கீழே மஞ்சள் விளக்கு தெரிகிறது. பாலத்தில் நிறுத்தக் கூடாது, திரும்பவும் முடியாது. பக்கத்தில் மனைவி.

"என்னங்க, இது என்ன புதுசா?"

"அது சும்மா."

"சும்மா எரியறதுக்கா விளக்கு வச்சிருப்பான்?"

கொம்தாரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

நான்காம் படி: ஸ்கேனர் வாங்குங்கள்

லோரோங் கூலிட் சந்தைக்குக் காலையிலேயே போக வேண்டும். பழைய சாவி, ஒற்றை ஷூ, ஓடாத கடிகாரம், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம் என்று விரித்து வைத்திருக்கும் சாக்குகளுக்கு நடுவில், தீப்பெட்டி அளவில் நீல நிறத்தில் ஒன்று கிடக்கும். ஸ்டீயரிங்குக்கு அடியில் உள்ள பதினாறு ஊசித் துளையில் அதைச் செருகினால் கைப்பேசியில் எண் வரும். நான் 35 வெள்ளிக்கு வாங்கினேன். பேரம் பேசாமல் வாங்கிய முட்டாள் என்று பக்கத்து சாக்குக்காரர் என்னைப் பார்த்த பார்வைக்குத் தனிக் கட்டணம் இல்லை.

எண் வந்தது: பி0401. இதை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பட்டறையில் உங்கள் அந்தஸ்து உயரும். முதலெழுத்து இஞ்சின், கியர் பக்கம் என்று அர்த்தம். சைபர் என்றால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். நாலு என்றால் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள். கடைசி இரண்டும் குறிப்பிட்ட குற்றம்: இ.ஜி.ஆர். பாதையில் ஓட்டம் போதவில்லை. அதாவது 80 வெள்ளி கொடுத்து நான் செய்துகொண்ட வேலை சரியாக முடிந்திருக்கிறது என்று கணினி சான்றிதழ் தருகிறது. அதைப் போய் குறை என்கிறோம்.

ஸ்கேனரில் 'அழி' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் விளக்கு போய்விடும். இரண்டு ஓட்டத்தில் திரும்ப வரும். அழுத்தினால் போய்விடும். நான் இதை நாற்பது தடவைக்கு மேல் செய்திருக்கிறேன். மனதுக்கு இதமான வேலை, மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது போல.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியும் அழிக்கலாம் என்பார்கள். அழியும். கூடவே கடிகாரமும் மின்னல் எப்.எம். பிடித்து வைத்த இடமும் அழியும். விளக்கு மட்டும் சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரும்.

ஐந்தாம், ஆறாம் படிகள்

தகட்டில் எட்டு மில்லிமீட்டர் துளை போட்டுப் பார்ப்பது ஐந்தாம் படி. '40 வெள்ளிதான் அண்ணே, கொஞ்சம் காத்து போகும், கணினி ஏமாந்துடும்.' ஏமாறவில்லை. ஆறாம் படி இன்னொரு துளை. அதையும் விட்டுவிடுவோம்.

ஏழாம் படி: லேப்டாப் தம்பி

எல்லா ஊரிலும் ஒரு லேப்டாப் தம்பி இருக்கிறான். பட்டறை கிடையாது; பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் சந்திக்கச் சொல்வான். கணினியின் மூளைக்குள் புகுந்து, இ.ஜி.ஆர். என்று ஒன்று இருப்பதையே அது மறந்துபோகும்படி எழுதிவிடுவான். 650 வெள்ளி. 'அங்கிள், கைய வச்சதுதான் வச்சோம், டீசலையும் கொஞ்சம் கூட்டி விடட்டா? பவர் வரும்' என்று கேட்பான். அந்தக் கேள்விக்கு யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பெரிய இடங்களிலும் இதே தொழில்தான், அங்கே தம்பிகளுக்குச் சம்பளம் அதிகம். வோக்ஸ்வேகன் டீசல் கார்களின் கணினி, தான் சோதனைக்கூட உருளை மேல் ஓடுகிறதா சாலையில் ஓடுகிறதா என்று ஸ்டீயரிங் நிலையையும் வேகத்தையும் வைத்தே கண்டுகொள்ளும். கூடத்தில் உத்தமன், சாலையில் வேறு ஆள். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதைப் போட்டு உடைத்தது. உலகம் முழுக்க 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருப்பதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில் கம்மின்ஸ், பிக்அப் இஞ்சின்களில் இதுபோன்ற வேலை செய்ததாக எழுந்த வழக்கை முடித்துக்கொள்ள 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. சொந்தக்காரர்களே கைவைத்ததும் கொஞ்சமில்லை: பத்து ஆண்டில் அமெரிக்காவில் 5,50,000 டீசல் பிக்அப்களுக்கு மேல் புகைக் கட்டுப்பாட்டை நீக்கியிருக்கிறார்கள் என்று அதே முகமை 2020-இல் கணக்குச் சொன்னது. பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் நின்றபோது இதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

விளக்கு அணைந்தது. ஒரு மாதம் எரியவே இல்லை. கையேடு இங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் தகடு மட்டும் இருந்த காலத்தில் வராத ஒன்று இப்போது வந்தது: புகை. நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அதுவரை என் வண்டி பார்வைக்கு யோக்கியனாக இருந்தது. தம்பி கூட்டிவிட்ட டீசலை எரித்து முடிக்க இஞ்சினுக்குக் காற்று போதவில்லை. எரியாத மிச்சம் பின்னால் கறுப்பாக வந்தது.

தைப்பூசத்துக்கு முதல் நாள், தண்ணீர்மலைச் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்கு நாற்காலி இறக்கிவிட்டுக் கிளம்புகிறேன். பினாங்கு வீதியிலிருந்து வெள்ளி ரதம் வருகிற நாள். சாலையோரம் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருக்கிறது. பந்தலில் நாலைந்து அம்மாக்கள் பெரிய வாளியிலிருந்து நீர்மோரை மொண்டு குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன ஏற்றம், நான் மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் பந்தலே காணோம். புகை விலகியபோது ஓர் அம்மா முந்தானையை விரித்து மோர் வாளியின் மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறார். இருமல் அடங்கியதும் கேட்டார்:

"ஏன்டாப்பா, சாமி வர்றதுக்கு முன்னாடியே சாம்பிராணி போடறியா?"

அன்று அதைவிட எனக்குப் பயம் தந்தது அடுத்த திருப்பத்தில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர்கள். போக்குவரத்தைத் திருப்பிவிட நின்றவர்கள்தான், ஆனால் புகைக்கிற வண்டிக்காரனுக்கு எல்லாச் சீருடையும் ஒன்று. டீசல் புகைக்கு இங்கே 1996 முதல் தனி விதி உண்டு. குழாய்க்குள் கருவியைச் செருகி, மிதியை முழுக்க அமுக்கச் சொல்லி, ஒளியைப் புகை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பார்கள். நூறுக்கு ஐம்பது ஹார்ட்ரிட்ஜ் அளவைத் தாண்டினால் வண்டி மாட்டிக்கொள்ளும். சாலையில் வைத்தே நிறுத்திப் பார்க்கும் அதிகாரம் சுற்றுச்சூழல் துறைக்கு உண்டு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அஸ்பெஸ்டாஸும் இருக்கிற வகுப்பு. மோர் வாளியை மூடிய அம்மாவுக்கு அந்தப் பட்டியல் தேவைப்படவில்லை.

எட்டாம் படி: தம்பியிடம் திரும்பிப் போங்கள்

பழைய மூளையைத் திரும்ப எழுத 200 வெள்ளி. கறுப்புப் புகை நின்றது. மூன்றாம் நாள் மஞ்சள் விளக்கு வந்து அதன் நாற்காலியில் உட்கார்ந்தது.

தகட்டை எடுத்துவிட்டு வால்வைக் கழுவிவிடலாமே என்று ஜெலுத்தோங்குக்குப் போனேன். போமேன் கழற்றி, வால்வின் தண்டை விரலால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மூன்று ஆண்டு வேலை இல்லாமல் களிக்குள் உட்கார்ந்ததில் இறுகிவிட்டது. "சூச்சி இனி தா போலே அண்ணே. புதுசு போடணும்." தா போலே என்றால் முடியாது. விலையைக் கேட்டேன். வண்டியை விற்றுவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஒன்பதாம் படி: சாமி துணை

விற்கிற வண்டியில் மஞ்சள் விளக்கு எரியக் கூடாது. பல்பைப் பிடுங்கிவிடச் சொன்னார் ஒரு நண்பர். அது பச்சைப் பிள்ளை யோசனை. சாவியை ஒரு சுற்று திருப்பி, இஞ்சினை எழுப்பாமல் நிறுத்தினால் எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து வருகைப் பதிவு கொடுக்கும்; பிடுங்கிய பல்பு அங்கே ஆஜர் ஆகாது. கறுப்பு டேப்பும் அப்படித்தான்.

என் வழி வேறு. லிட்டில் இந்தியாவில், பூக்கடை ஓரத்தில், தண்ணீர்மலை முருகன் ஸ்டிக்கர் 2 வெள்ளிக்குக் கிடைக்கிறது. கட்டைவிரல் அகலம். மீட்டர் கண்ணாடி மேல் சரியாக அந்த விளக்குக்கு நேராக ஒட்டினேன். நம்மவர் வண்டியில் சாமி படம் எங்கே இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தகடு, ஸ்கேனர், துளை, தம்பி, மறுபடி தம்பி, ஸ்டிக்கர், எல்லாம் சேர்த்து 1,007 வெள்ளி. வேலை செய்தது 2 வெள்ளிச் சாமான்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை: வண்டியைப் பகலில் மட்டும் காட்டுங்கள். நண்பகல் உத்தமம். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த பெரியவர் காய்கறி வியாபாரி. கடை அடைத்துவிட்டு வர இரவு எட்டாகிவிட்டது. வீட்டு முன்னால் தெருவிளக்கு வேறு எரியவில்லை. டயரை உதைத்துப் பார்த்தார், பின்கதவை ஆட்டிப் பார்த்தார், எண்ணெய்க் குச்சியை உருவி முகர்ந்தார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு ஏறி உட்கார்ந்து, இஞ்சினை எழுப்பாமல், சாவியை ஒரே ஒரு சுற்று திருப்பினார்.

மீட்டர் பலகை முழுக்க எரிந்தது. நடுவில் முருகனுக்குப் பின்னாலிருந்து பொன்னிற ஒளி பரவியது. வேலின் நுனி வரை தெரிந்தது. நானே அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அதன்பின் இஞ்சினை எழுப்பினார். மற்ற விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முருகன் அணையவில்லை.

அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"மன்னிச்சுக்கோ முருகா," என்றபடி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிள்ளித் தூக்கினார்.